கரைக்கு வயது 250 கோடி, கடலுக்கு வயது 13 கோடி!

மறைமலைநகரிலிருந்து செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போயிருக்கிறீர்களா? வழி நெடுகப் பாறைக் குன்றுகள். சில இடங்களில் குன்றை உடைத்து ஜல்லியாக்கி லாரியில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தால் அங்கேயும் பாறைதான். பல்லவர் காலத்துச் சிற்பிகள் குடைந்த பாறை, செதுக்கிய பாறை, உளி படாமல் விட்டுவைத்த பாறை. அதற்கு அப்பால் கடல்.

கரையும் கடலும் உலகம் தோன்றிய நாள் முதல் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கும் என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மை அதுவன்று. இந்த வட்டாரத்துப் பாறைகளுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். கரையை ஒட்டிய ஆழமற்ற பகுதியைத் தாண்டிப் போனால், ஆழ்கடலின் அடித்தரைக்கு வயது 13 கோடி ஆண்டுகளுக்கு மேல் இல்லை. கரை பழுத்த கிழவி என்றால், கடல் நேற்றுப் பிறந்த பேத்தி!

அப்படியானால் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கரைக்குக் கிழக்கே என்ன இருந்தது? கடல் எங்கிருந்து வந்தது? இதையெல்லாம் பார்த்தவர் யார்? பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் கற்கள் இருந்தன. அவற்றுக்குள் கடிகாரங்களும் இருந்தன.

கல்லறைக் கல் தந்த பெயர்

முதலில் கரையைப் பார்ப்போம். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்தில் கிடைக்கும் கருமை படர்ந்த பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் வாழ்ந்த ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறையில் பதித்திருக்கும் கல் இந்த வகையைச் சேர்ந்தது. அதை வைத்து தாமஸ் ஹாலந்து என்ற புவியியல் அறிஞர் 1893-ஆம் ஆண்டில் இப்பெயரைச் சூட்டினார். இன்று உலகெங்கும் இவ்வகைப் பாறையை இந்தப் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

சார்னோகைட் எரிமலைப் பாறை அன்று. பூமிக்குள் மிக ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. இதில் சிர்கான் என்ற சிறு படிகங்கள் உண்டு. அவற்றில் ஓரளவு யுரேனியம் இருக்கும். யுரேனியம் மெல்ல மெல்லக் காரீயமாக மாறுகிறது. எவ்வளவு யுரேனியம் மிஞ்சியிருக்கிறது, எவ்வளவு காரீயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் வயது கிடைத்துவிடும். அப்படிக் கிடைத்த விடைதான் 250 கோடி.

புளியங்கொட்டைக் கடிகாரம்

அணு எப்படிக் கடிகாரமாகிறது? ஒரு விளையாட்டின் மூலம் இதைப் புரிந்துகொள்ளலாம்.

64 புளியங்கொட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். தாயம் ஆடுவதற்குச் செய்வதுபோல ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் மட்டும் கல்லில் உரசி வெள்ளையாக்குங்கள். எல்லாவற்றையும் குலுக்கித் தரையில் போடுங்கள். வெள்ளை மேலே தெரியும் கொட்டைகளைப் பொறுக்கித் தனியே வைத்துவிடுங்கள். மிஞ்சியவற்றை மீண்டும் குலுக்கிப் போடுங்கள். முதல் முறை ஏறத்தாழ 32 மிஞ்சும். அடுத்து 16. பிறகு 8. சரியாகப் பாதி வராது; ஒன்றிரண்டு கூடும், குறையும். இருந்தாலும் உங்கள் நண்பர் அறைக்குள் வந்து, 8 கொட்டைகள் மிஞ்சியிருப்பதைப் பார்த்தால், "மூன்று முறை போட்டிருக்கிறாய்" என்று சொல்லிவிடுவார். நீங்கள் போட்டதை அவர் பார்க்கத் தேவையில்லை!

கதிரியக்கத் தனிமங்களும் இப்படித்தான். எந்த அணு எப்போது மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு குறிப்பிட்ட காலத்தில் பாதி அணுக்கள் மாறிவிடும் என்பது உறுதி. இந்தக் காலமே அரை ஆயுள். கூழாங்கல் அளவுள்ள கல்லிலும் அணுக்கள் எண்ணிலடங்கா. ஆகவே புளியங்கொட்டையில் வரும் கூடுதல் குறைவு அங்கே ஒரு பொருட்டே அல்ல.

எரிமலைப் பாறைகளுக்கு மிகவும் பொருத்தமான கடிகாரம் பொட்டாசியம். வாழைப்பழத்திலும் இளநீரிலும் உள்ள அதே பொட்டாசியந்தான். இயற்கையில் கிடைக்கும் பொட்டாசிய அணுக்களில் பத்தாயிரத்துக்கு ஒன்றுக்குச் சற்று அதிகமானவை பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க வகை. அதன் அரை ஆயுள் 125 கோடி ஆண்டுகள். மாறும் அணுக்களில் நூற்றுக்கு 89 கால்சியம் ஆகின்றன. ஏறத்தாழ 11 அணுக்கள் ஆர்கான் என்ற வாயுவாகின்றன. பாறையில் கால்சியம் முன்பே நிறைய இருப்பதால் புதிதாக வந்தது எது என்று பிரித்தறிவது கடினம். ஆர்கான் அப்படியன்று. அது யாரோடும் சேராத மந்த வாயு.

கேழ்வரகுக் கூழ் கொதிக்கும்போது பார்த்திருப்பீர்கள். குமிழிகள் மேலே வந்து வெடித்து மறையும். கூழ் ஆறி இறுகிய பிறகு, உள்ளே அகப்பட்ட குமிழி அங்கேயே கிடக்கும். எரிமலைக் குழம்பும் அவ்வாறே. உருகிய நிலையில் இருக்கும்போது ஆர்கான் வெளியேறிவிடுகிறது. குழம்பு இறுகிப் பாறையானதும் கதவு மூடப்படுகிறது. அதன் பிறகு பிறக்கும் ஆர்கான் படிகங்களுக்குள்ளே சிறைப்படுகிறது. பாறை இறுகிய நாள்தான் கடிகாரம் பூச்சியத்திலிருந்து ஓடத் தொடங்கும் நாள்.

ஒரு வியப்பான செய்தி: நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு ஆர்கான். அதில் பெரும்பகுதி, பூமியின் பாறைகளில் இருந்த பொட்டாசியம் மாறிப் பிறந்ததுதான்.

கடல் தரையில் வரிக்குதிரைக் கோடுகள்

கல்லின் வயது தெரிந்துவிட்டது. அதை வைத்துக் கடல் பிறந்த கதையை எப்படிச் சொல்வது?

1962-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஹாரி ஹெஸ் ஒரு கருத்தை வெளியிட்டார். கடலின் நடுவே நீண்ட மலைத்தொடர்கள் இருக்கின்றன. அவற்றின் உச்சியில் உள்ள பிளவு வழியாகக் குழம்பு மேலே வந்து இறுகிப் புதிய தரையாகிறது. பழைய தரை இரு பக்கமும் விலகிப் போகிறது. இப்படிக் கடலின் தரை விரிந்துகொண்டே இருக்கிறது என்றார் அவர். அழகான கருத்து. ஆனால் சான்று வேண்டுமே!

சான்று கிடைத்தது நம் இந்தியப் பெருங்கடலில்தான். 1962-இல் டிரம்மண்ட் மாத்யூஸ் என்ற ஆங்கிலேயர், அரபிக் கடலுக்குத் தெற்கே உள்ள கார்ல்ஸ்பர்க் மலைத்தொடரின் மேல் கப்பலில் சென்று கடல் தரையின் காந்தத்தை அளந்தார். அந்த அளவுகளை ஆராய்ந்த பிரெட் வைன் என்ற மாணவர், தரையில் காந்தப் பட்டைகள் மாறி மாறி இருப்பதைக் கண்டார். ஒரு பட்டையில் காந்தம் இன்றுள்ள வடக்கு நோக்கியிருந்தது. அடுத்த பட்டையில் நேர் எதிராக இருந்தது. வரிக்குதிரையின் உடலில் உள்ள கோடுகள் போல! பூமியின் காந்தம் அவ்வப்போது தலைகீழாக மாறுகிறது; குழம்பு இறுகும்போது அந்தந்தக் காலத்துத் திசையைப் பதிவு செய்துகொள்கிறது; ஆகவே பட்டைகள் உண்டாகின்றன என்று இருவரும் 1963-இல் எழுதினார்கள்.

அப்படியானால் காந்தம் எப்போதெல்லாம் மாறியது? கடலுக்கடியில் உள்ள பட்டையில் தேதி எழுதியிருக்காது. தேதியைத் தரையிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். கலிபோர்னியாவில் ஆலன் காக்ஸ், ரிச்சர்ட் டோயல், பிரென்ட் டால்ரிம்பிள் ஆகிய மூவரும், ஆஸ்திரேலியாவின் கான்பெர்ரா நகரில் இயன் மக்டூகல் குழுவினரும் போட்டி போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். ஹவாய்த் தீவுகள் முதலிய இடங்களிலிருந்து எரிமலைப் பாறைகளைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு பாறையிலும் காந்தத் திசையைப் பார்த்தார்கள். பொட்டாசியம்-ஆர்கான் முறையில் வயதையும் கணித்தார்கள். இரண்டையும் சேர்த்து ஒரு கால அட்டவணை தயாராயிற்று. கடைசித் தலைகீழ் மாற்றம் நடந்தது ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு என்பது இன்றைய கணக்கு.

தரையில் தயாரித்த இந்த அட்டவணை, கடலில் கண்ட பட்டைகளோடு அப்படியே பொருந்தியது! ஒரு மலைத்தொடரின் உச்சியிலிருந்து இந்த மாற்றத்தைக் காட்டும் பட்டையின் எல்லை 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோமீட்டர் என்பது 10 லட்சம் சென்டிமீட்டர். அதை 7,80,000-ஆல் வகுத்தால், ஒரு பக்கம் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.3 சென்டிமீட்டர் விரிகிறது என்று தெரிகிறது. நாலாம் வகுப்பில் படித்த வகுத்தல் கணக்கு, கடலின் வளர்ச்சியை அளந்துவிட்டது.

மெதுவாக ஓடிய கடிகாரம்

இப்போது நம் வங்காள விரிகுடாவுக்கு வருவோம். இங்கே ஒரு தொல்லை உண்டு. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்திலிருந்து அரித்து வந்த வண்டல், இந்தக் கடலின் தரையைப் பல கிலோமீட்டர் கனத்துக்கு மூடிக்கிடக்கிறது. பட்டைகள் தெளிவாகத் தெரிவதில்லை. துளையிட்டு அடிப்பாறையை எடுப்பதும் எளிதன்று. எனவே கடல் பிறந்த காலத்தில் அதன் ஓரத்தில் வெளிப்பட்ட எரிமலைப் பாறைகளைத் தேட வேண்டியிருக்கிறது.

அப்படி ஓர் இடம் ஜார்க்கண்ட் மாநிலத்தின் ராஜ்மகால் குன்றுகள். எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பாய்ந்து இறுகிய கரிய பசால்ட் பாறைகள் அங்கே உள்ளன. இந்தியா தெற்கே இருந்த பெரிய கண்டத்திலிருந்து பிரிந்து, இடையே கடல் விரிந்துவந்த காலத்தைச் சேர்ந்தவை அவை. ஆகவே அவற்றின் வயது தெரிந்தால் கடலின் இளமைக் காலம் தெரியும்.

1970-இல் மக்டூகலும் மக்கெல்ஹினி என்ற அறிஞரும் பொட்டாசியம்-ஆர்கான் முறையில் ராஜ்மகால் பாறைகளின் வயதை வெளியிட்டார்கள்: 10 கோடி ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். பல ஆண்டுகள் அந்த எண்ணே வழங்கியது. ஆனால் 1980-களில் புதிய முறையில் அளந்தபோது விடை மாறியது: 11 கோடியே 70 லட்சம்! கடிகாரம் ஒரு கோடி ஆண்டுக்கு மேல் பின்தங்கியிருந்தது.

ஏன்? கடிகாரத்தின் அடிப்படையில் பிழை இல்லை. பாறை நீரில் ஊறியும் வெயிலில் வெந்தும் சிதையும்போது படிகங்களின் கட்டு தளர்கிறது. சிறைப்பட்ட ஆர்கான் சிறிது சிறிதாகக் கசிகிறது. ராஜ்மகால் பாறையில் பொட்டாசியம்-40 அணுக்களில் நூற்றுக்கு ஆறுதான் இதுவரை மாறியிருக்கும். அந்த ஆறிலும் ஆர்கான் ஆனது ஒன்றுக்கும் குறைவு. இவ்வளவு சிறிய சேமிப்பில் கொஞ்சம் கசிந்தாலும் கணக்கு கெட்டுவிடும். இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. ஆழ்கடலில் திடீரென்று குளிர்ந்த குழம்பில் பழைய ஆர்கான் வெளியேற முடியாமல் அகப்பட்டுக்கொள்ளும். ஹவாயில் கடலுக்கடியில் அண்மைக் காலத்தில் இறுகிய பாறை, பல லட்சம் ஆண்டுகளுக்கு மேல் வயது காட்டியதை 1968-இல் டால்ரிம்பிளே கண்டு வெளியிட்டார். தான் நம்பிய கடிகாரத்தின் குறையைத் தானே எடுத்துக்காட்டினார்!

இந்தக் குறையை நீக்கும் புதிய முறைதான் ஆர்கான்-ஆர்கான் முறை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் அணு உலைகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். இந்த முறையில் கல்லின் சிறு துண்டை ஓர் ஆராய்ச்சி உலையில் வைக்கிறார்கள். நியூட்ரான்கள் தாக்குவதால், சாதாரணப் பொட்டாசியத்தில் ஒரு பகுதி ஆர்கான்-39 என்ற வகையாகிறது. பிறகு கல்லைப் படிப்படியாகச் சூடேற்றி, ஒவ்வொரு படியிலும் வரும் வாயுவை அளக்கிறார்கள். ஆர்கான்-39 பொட்டாசியத்தின் அளவைச் சொல்கிறது. ஆர்கான்-40 கடந்த காலத்தைச் சொல்கிறது. கசிவு நேர்ந்த பகுதிகள் குறைந்த சூட்டிலேயே வாயுவை விட்டுவிடும். சிதையாத பகுதி கடைசியில் விடும். அடுத்தடுத்த பல படிகளும் ஒரே வயதைச் சொன்னால் நம்பலாம். ஆளுக்கொரு வயது சொன்னால், "இந்தக் கல் கெட்டுப்போனது" என்று ஒதுக்கிவிடலாம். ஒரே சாட்சியைப் பத்து முறை குறுக்கு விசாரணை செய்வது போன்றது இது. நம் நாட்டில் அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்திலும் மும்பை ஐ.ஐ.டி.யிலும் இம்முறையில் பாறைகளின் வயதைக் கணித்திருக்கிறார்கள்.

கடலுக்கடியில் ஒரு நேர்கோடு

மாமல்லபுரம் கடற்கரையில் நின்று நேர் கிழக்கே பாருங்கள். அந்தத் திசையில் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் போனால், அந்தமானை அடைவதற்கு முன்பு, ஒரு மலைத்தொடரின் மேலே கடந்து செல்வீர்கள். கப்பலில் போகிறவர்களுக்கு அது தெரியாது. அங்கே அது வண்டலுக்கடியில் புதைந்து கிடக்கிறது. தெற்கே போகப் போக வண்டலை விட்டு வெளியே வந்து, கடலுக்குள்ளேயே நிமிர்ந்து நிற்கிறது. கிழக்குத் தீர்க்கரேகை 90 பாகையை ஒட்டி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் நீளம். ஆகவே இதற்குத் தொண்ணூறு கிழக்கு மலைத்தொடர் என்றே பெயர்.

1972-இல் குளோமர் சாலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பலும், 1988-இல் ஜாய்டஸ் ரிசல்யூஷன் என்ற கப்பலும் இந்த மலைத்தொடரில் பல இடங்களில் துளையிட்டு அடிப்பாறையை எடுத்தன. எல்லாம் எரிமலைப் பாறைகள். ஓரிடத்தில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் ஆழமான கடலுக்குக் கீழே பழுப்பு நிலக்கரி கிடைத்தது! அந்த இடம் ஒரு காலத்தில் மரஞ்செடிகள் வளர்ந்த தீவாக இருந்து, பிறகு அமிழ்ந்துவிட்டது என்பது இதிலிருந்து தெரிந்தது.

பாறைகளின் வயதோ இன்னும் பெரிய கதையைச் சொன்னது. வடக்கே, நிலநடுக்கோட்டைத் தாண்டி 5 பாகையில் எடுத்த பாறைக்கு வயது ஏறத்தாழ 7 கோடியே 70 லட்சம் ஆண்டுகள். தெற்கே 27 பாகையில் எடுத்ததற்கு ஏறத்தாழ 4 கோடியே 30 லட்சம். இடையில் உள்ளவை வடக்கிலிருந்து தெற்காக வரிசையாக இளமையாகிக்கொண்டே போகின்றன.

ஏன் இப்படி? அகல் விளக்கின் சுடருக்கு மேலே ஒரு பனையோலையைப் பிடித்து மெதுவாக நகர்த்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஓலையில் கருகல் தடம் நீளமாக விழும். முதலில் கருகிய இடம் சுடரை விட்டுத் தொலைவுக்குப் போயிருக்கும். பூமியின் ஆழத்தில் அப்படி ஒரு சூடான ஊற்று இருந்தது. அதன் மேலே இந்தியாவைச் சுமந்த பாளம் வடக்கு நோக்கி ஓடியது. கருகல் தடம்தான் இந்த மலைத்தொடர். அந்தச் சூட்டின் இன்றைய அடையாளம், தென் கடலில் அண்டார்க்டிகாவை நோக்கி உள்ள கெர்கூலன் தீவுகள். ராஜ்மகால் குழம்புக்கும் இதே ஊற்றோடு தொடர்பு உண்டு என்பது அறிஞர் பலரின் கருத்து. ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலின் விரிவுப் பிளவு ஊற்றைத் தாண்டிச் சென்றுவிட்டதால் தடம் அறுந்துபோயிற்று.

இனி நீங்களே கணக்குப் போடலாம். இரண்டு இடங்களுக்கும் இடையே 3,600 கிலோமீட்டர், அதாவது 36 கோடி சென்டிமீட்டர். வயது வித்தியாசம் 3 கோடியே 40 லட்சம் ஆண்டுகள். ஊற்று அசையாமல் நின்றது என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது. உங்கள் விரல் நகம் ஓர் ஆண்டில் வளர்வது 4 சென்டிமீட்டர் அளவுதான். பாளங்களின் உலகில் இந்தியா ஓட்டப்பந்தய வீரன்!

எதிர்க்கரை எங்கே?

இப்போது நம் முதல் கேள்விக்கு விடை சொல்லலாம். ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை மாமல்லபுரத்துக்குக் கிழக்கே கடல் இல்லை. அங்கே அண்டார்க்டிகா ஒட்டிக்கொண்டிருந்தது! இரண்டும் கோண்டுவானா என்ற பெரிய கண்டத்தின் பகுதிகள். பிறகு நிலம் பிளந்தது, பிளவில் குழம்பு எழுந்து புதிய தரையானது, கடல் புகுந்தது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துப் படிவுப் பாறைகளில், சைகஸ் போன்ற பழங்காலத் தாவரங்களின் இலைப் பதிவுகளும் கடல் உயிரினங்களின் எச்சங்களும் கிடைக்கின்றன. கடல் முதன் முதலில் எட்டிப் பார்த்த காலத்தின் நினைவுச் சின்னங்கள் அவை. நம் பல்லாவரத்துச் சார்னோகைட்டின் உறவினர்கள் இன்று கிழக்கு அண்டார்க்டிகாவில் பனிக்கு நடுவே தலைநீட்டி நிற்கின்றன. இந்தியா 2012-இல் தொடங்கிய பாரதி ஆய்வு நிலையம் கிழக்கு அண்டார்க்டிகாவின் கரையில்தான் இருக்கிறது. பிரிந்துபோன கண்டங்களின் பழைய உறவை ஆராய்வதும் அதன் பணிகளுள் ஒன்று.

இந்தியா ஆசியாவோடு மோதி இமயத்தை எழுப்பிய பிறகு வேகம் குறைந்தது. ஆனாலும் நிற்கவில்லை. செயற்கைக்கோள்களின் உதவியால் அளந்ததில், தென்னிந்தியா இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்வது தெரிகிறது.

பல்லவச் சிற்பி மாமல்லபுரத்துப் பாறையில் உளி வைத்து ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து அந்தப் பாறை, சிற்பங்களையும் சுமந்துகொண்டு எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கும்? அடுத்த முறை அங்கே போகும்போது 65 மீட்டர் தூரத்தைக் காலடியால் அளந்து நடந்து பாருங்கள். அவ்வளவுதான் விடை.